தண்ணீர் எந்த வழியால் வருகிறது? ஸ்நோர்கல் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் வள்ளம் ஏறிப் புறாமலைத் தீவுக்குப் போய், இறங்கிய ஐந்தாவது நிமிடமே உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்தச் சாமான் சரியில்லை" என்று ஸ்நோர்கலை வள்ளத்துக்குள் எறிவது மே முதல் செப்டம்பர் வரை வழமையான காட்சி. சாமான் சரியில்லாமலும் இருக்கலாம். ஆனால் அதில் என்ன சரியில்லை என்று தெரியாமல் இன்னொன்றை வாங்கினால், அதே தண்ணீரை விலை கூடிய குழாயால் குடிக்க வேண்டிவரும்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி மூச்செடுக்க உதவும் குழாயை "மூச்சுக்குழாய்" என்று எழுதினால் வைத்தியர் தொண்டையை நினைப்பார். ஆகவே இங்கே ஸ்நோர்கல் என்றே சொல்கிறோம். வாய்க்குள் வைக்கும் மெத்தென்ற பகுதி வாய்ப்பிடி. அதில் பல்லுக்கு இடையில் நிற்கும் இரண்டு சின்னத் துண்டுகள் பல்பிடி. சிலவற்றில் அடியில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வு இருக்கும், அது அடிவால்வு. ஒன்றுமே இல்லாத வளைந்த குழாய்தான் சாதாரண ஸ்நோர்கல். நுனியில் அலைத்தெறிப்பைத் தடுக்கும் மூடி இருந்தால் செமி ட்ரை. அந்த மூடிக்குள் மிதவையும் இருந்து, நுனி தாழ்ந்ததும் குழாயை அடைத்தால் ட்ரை டொப்.

கரையில் இரண்டு நிமிடம்

வாடகைக்கு எடுத்ததோ சொந்தமோ, வள்ளம் ஏற முன் இதைச் செய்யுங்கள். வாய்ப்பிடியை உதடுகளால் மூடி, குழாயின் மேல்நுனியை உள்ளங்கையால் அடைத்து, மெதுவாக உறிஞ்சுங்கள். உள்ளங்கை குழாயோடு ஒட்டி இழுபட வேண்டும். ஐந்து எண்ணும்வரை அந்த இழுவை நிற்க வேண்டும். "உஸ்" என்று காற்று நுழைந்தால் எங்கோ ஓட்டை. இப்போது அடிவால்வின் வெளிவாயை விரலால் பொத்திக்கொண்டு மறுபடி உறிஞ்சுங்கள். இழுவை நின்றால் பிழை வால்வில். அப்போதும் காற்று வந்தால் நெளிகுழாயின் (சிலவற்றில் வாய்ப்பிடியைக் குழாயோடு இணைக்கும், மடிப்பு மடிப்பான வளையும் துண்டு) பொருத்தில், அல்லது உங்கள் உதட்டோரத்தில்.

ட்ரை டொப் என்றால் நுனியில் பல துளைகள். உள்ளங்கையால் அடைக்க முடியாது. அதைத் தலைகீழாகப் பிடித்து உறிஞ்சுங்கள். மிதவை விழுந்து குழாயை அடைக்க வேண்டும். நிமிர்த்தியதும், தட்டாமல் குலுக்காமல், அந்தக் கணமே திறக்க வேண்டும். சற்றுச் சரித்துப் பிடித்தும் பாருங்கள். அடைக்காத மிதவை கொஞ்சம் தண்ணீரைத்தான் விடும். திறக்காத மிதவை காற்றையே நிறுத்திவிடும்.

"அலை வரும்போதெல்லாம் ஒரு மிடறு வருகுது"

இடையில் ஒன்றும் இல்லாமல், அலை கடக்கும்போது மட்டும் ஒரேயடியாக வந்தால் தண்ணீர் மேல்நுனியால் வருகிறது. முக்கால்வாசி இது குழாயின் பழுதல்ல, சாய்வின் பிழை. முகம் நேரே கீழே பார்க்கும்போது குழாய் காதோரமாக எழுந்து, நுனி உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் முன்னால் என்ன வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்போது நுனி பின்னால் சரிந்து தண்ணீருக்குள் போகும். வயிற்றுக்குக் கீழே போகும் ஆமையைப் பார்க்க நாடியை நெஞ்சில் குத்தினால் முன்பக்கம் சரியும். ஆமை போகும் திசைக்கு உடம்போடு திரும்பினால் இந்தத் தொல்லை இல்லை.

சாய்வைக் கரையிலேயே சரிசெய்யலாம். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் ஸ்நோர்கலும் போட்டு, இடுப்பை வளைத்து நிலத்தைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று சொல்லட்டும். இல்லையென்றால் மாஸ்க் பட்டியில் குழாயைப் பிடிக்கும் கிளிப்பை மேலோ கீழோ ஒரு விரலகலம் நகர்த்துங்கள். கிளிப் காதுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் இருக்க வேண்டும். தளர்ந்துபோன கிளிப் அலைக்கு அலை சுழன்று கொடுக்கும். அதை மாற்றத்தான் வேண்டும், நூலால் கட்டிச் சமாளிக்க வேண்டாம்.

சாய்வு சரியாக இருந்தும் தெறிப்பு வந்தால் நுனிமூடி உள்ள செமி ட்ரை உதவும். ட்ரை டொப் வரை போக அவசியமில்லை.

"மூச்சை இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா வருகுது"

அலையே இல்லாத நேரத்திலும், ஒவ்வொரு உள்மூச்சோடும் தேக்கரண்டி அளவு வந்தால் அது அடிவால்வுதான். கடற்கரையில் ஸ்நோர்கலை மணலில் வைத்தாலே போதும், இது தொடங்கிவிடும். வால்வு என்பது ஒரு ரூபாய்க் குற்றியளவு மெல்லிய சிலிக்கன் வட்டம். நடுவில் ஒரு தண்டு. விளிம்பு ஒரு வளையத்தில் படிந்திருக்கும். ஊதினால் விளிம்பு எழும்பும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும். அந்த விளிம்புக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரேயொரு மணல் இருந்தால் போதும், படியாது.

முதலில் கழற்றாமல் பாருங்கள். குழாயை நன்னீரில் அமிழ்த்தி, வாய்ப்பிடியால் நாலைந்து தடவை பலமாக ஊதுங்கள். வால்வு படபடத்து மணலைத் துப்பும். உறிஞ்சும் சோதனையை மறுபடி செய்யுங்கள். போகவில்லை என்றால், அடிமூடி கழரும் வகையானால் நகத்தால் நெம்பிக் கழற்றி, வட்டத்தைத் தண்டோடு மெல்ல இழுத்து எடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறலே மறுநாள் கிழிசலாகும். வளையத்தின் விளிம்பை விரல்நுனியால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் உப்பு, அல்லது வெள்ளைப் படிவு. உப்பு இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலத்தில் கரையும். கரையாத படிவுக்கு வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து கால் மணித்தியாலம் ஊறவிட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள்.

வட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே தட்டையாகப் பிடியுங்கள். விளிம்பு அப்பத்தின் ஓரம்போல மேலே சுருண்டிருந்தால் அது இனிப் படியாது. வெயிலில் வள்ளத்தின் பலகைமேலோ, மூடிய வாகனத்துக்குள்ளோ கிடந்த சாமான்களில் இதைக் காணலாம். புது வட்டம் போட வேண்டும். திருப்பிப் போடும்போது தண்டின் தடிப்பு மறுபக்கம் "டக்" என்று வரும்வரை இழுங்கள். பாதி வந்த தண்டு முதல் ஊதலிலேயே வட்டத்தைக் கடலில் விட்டுவிடும்.

வால்வு இறுகியிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசுபவர்கள் உண்டு. எண்ணெய் அடுத்த மணலைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். வால்வுக்கு நன்னீரைத் தவிர ஒன்றும் வேண்டாம். வெளிப்புறம் ஒட்டுநாடா சுற்றி அன்றைய நாளை ஓட்டுவதையும் நம்பாதீர்கள். உறிஞ்சும்போது நிற்கும், பலமாக ஒரு தடவை ஊதினால் கழரும். கழர்வது கரையிலிருந்து தூரத்தில்தான் நடக்கும்.

இந்த அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த முறை அடிவால்வே இல்லாத குழாயை வாங்குங்கள். இல்லாத வால்வு ஒழுகாது.

"வாயோரத்தால கசியுது, தாடையும் நோகுது"

இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக வரும். வாய்ப்பிடி சிறியதென்றால் உதட்டோரம் மூடாது. கசிகிறதே என்று பல்லை இறுக்குவீர்கள். அரை மணித்தியாலத்தில் தாடை விறைக்கும். பெரியதென்றால் ஈறில் உரஞ்சும், சிலருக்கு ஓங்காளிக்கும். ஸ்நோர்கலைப் பல்லால் பிடிப்பதில்லை. உதடு மூட வேண்டும், பல்பிடி பல்லுக்கு இடையில் சும்மா நிற்க வேண்டும், பாரத்தைக் கிளிப் தாங்க வேண்டும். வாய்ப்பிடியை வாயில் வைத்து, கையை எடுத்து, பல்லைச் சற்றுத் தளர்த்துங்கள். அது ஒரு பக்கம் இழுபட்டால் குழாய் சுழன்று நிற்கிறது. வாய்ப்பிடியைக் குழாயில் சிறிது திருப்புங்கள், அல்லது கிளிப்பை நகர்த்துங்கள்.

வாடகைச் சாமானில் முதலில் பல்பிடியைப் பாருங்கள். முன்னர் பாவித்தவர் கடித்துத் துண்டாக்கியிருந்தால் எந்தச் சரிசெய்கையும் உதவாது. பல வாய்ப்பிடிகள் குழாயில் செருகியே இருக்கும். சுடுநீரில் ஒரு நிமிடம் பிடித்தால் இளகிக் கழரும். சொந்தமாக ஒரு வாய்ப்பிடி வைத்திருந்து மாற்றிக்கொள்வது மலிவும் சுத்தமும். குழாய்களின் விட்டம் ஒன்றுபோல இல்லாததால் பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கழற்றிப் போடும் பொய்ப்பல் உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டு இறங்குவது நல்லது.

மீசை ஸ்நோர்கலுக்குத் தடையே இல்லை. அது மாஸ்க்கின் வழக்கு, பின்னால் வருகிறது.

"களகளவெண்டு சத்தம், ஊதினாலும் போகுதில்லை"

நெளிகுழாய் உள்ள வகைகளில் மடிப்புகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். மூச்சோடு கொதிப்பதுபோலக் கேட்கும். ஆபத்தில்லை, எரிச்சல்தான். உட்புறம் வழவழப்பாக இருக்கும் நெளிகுழாயை வாங்கினால் தீரும்.

தண்ணீர் நிறையவே இருந்து, ஊதியும் வாய்க்கே திரும்பினால் ஊதும் விதத்தில் பிழை. நீளமாக ஊதக்கூடாது, வாயில் ஒட்டிய தவிட்டைத் துப்புவதுபோல "தூ" என்று ஒரே வெட்டாக ஊத வேண்டும். நீளமாக ஊதினால் காற்று தண்ணீரின் நடுவால் ஓடிவிடும், தண்ணீர் சுவரோரமாகத் திரும்பி இறங்கும். அதன்பின் வரும் முதல் உள்மூச்சை மிக மெல்ல, நாக்கின் நுனியை மேலண்ணத்தருகே வைத்து இழுங்கள். மிச்சத் துளிகள் நாக்கில் தட்டும், தொண்டைக்குப் போகாது. பிறகு இரண்டாவது "தூ".

இங்கே ஒரு கணக்கு உண்டு. 2 செ.மீ. உள்விட்டமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட குழாயில் ஏறக்குறைய 125 மி.லி. தண்ணீர் நிற்கும். 2.5 செ.மீ., 45 செ.மீ. என்றால் 220 மி.லி.; ஒரு தேநீர்க் குவளை. எட்டு வயதுப் பிள்ளை அதை ஒரே ஊதலில் வெளியே தள்ளாது. பிள்ளைக்குப் பிள்ளையின் அளவில் குட்டையான, ஒடுக்கமான குழாயும் சிறிய வாய்ப்பிடியும் வேண்டும். "வளர்ந்தபிறகும் பாவிக்கலாம்" என்று சப்பாத்து வாங்குவதுபோல வாங்கக்கூடாது.

"திடீரெண்டு காத்து அடைச்சுப் போச்சு"

ட்ரை டொப்பில் மட்டும் வரும் அறிகுறி; ஆளைப் பதறவைப்பதும் இதுதான். மிதவை தன் வேலையைத்தான் செய்கிறது. நுனி தாழ்ந்தால், அல்லது அலை மேலால் போனால் அது அடைக்கும். அந்தக் கணத்தில் இன்னும் பலமாக உறிஞ்சினால் மிதவை மேலும் இறுகும். உறிஞ்சுவதை நிறுத்தி, தலையை நேராக்கி, ஒரு சின்ன ஊதல் ஊதுங்கள், விட்டுவிடும். விடாவிட்டால் மல்லாந்து மிதந்து, வாய்ப்பிடியைத் துப்பிவிட்டு, வாயால் நேரே மூச்செடுங்கள். இதை இடுப்பளவு தண்ணீரில் பத்துத் தடவை பழகாமல் ஆழத்துக்குப் போகாதீர்கள்.

அலையில்லாத நேரத்திலும் அடைத்தால் மிதவையின் அச்சில் மணலோ உப்போ. நுனிமூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, முடியாவிட்டால் முழுவதையும் வாளி நீரில் ஊறவிட்டு, மேலும் கீழும் குலுக்குங்கள். கழுவியும் ஒட்டினால் எறிந்துவிடுங்கள். இதில் இரண்டாவது யோசனை இல்லை.

"தலையிடிக்குது, மூச்சு வாங்குது"

குழாய்க்குள் தண்ணீரே இல்லை, ஆனாலும் களைப்பு. இதைப் பலர் வெயில் என்றும் பசி என்றும் நினைப்பார்கள். ஆறுதலாக இருக்கும் ஒரு வளர்ந்தவரின் ஒரு மூச்சு ஏறத்தாழ 500 மி.லி. அதில் 150 மி.லி. அளவு தொண்டையிலும் காற்றுவழியிலுமே நின்று, நுரையீரலின் வேலைக்கு உதவாமல் திரும்பும். ஸ்நோர்கல் அந்த வீண் இடத்தை நீட்டுகிறது: வெளியே விட்ட காற்றின் கடைசிப் பகுதி குழாய்க்குள் நிற்க, அடுத்த மூச்சில் முதலில் அதுதான் உள்ளே வரும். 125 மி.லி. குழாயில் 225 மி.லி. புதுக்காற்று மிஞ்சும். 220 மி.லி. குழாயில் 130 மட்டும். பதற்றத்தில் மூச்சு 300 மி.லி. ஆகச் சுருங்கினால் பெரிய குழாயில் புதுக்காற்று ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கரியமிலவாயு ஏறும், தலையிடிக்கும், இன்னும் வேகமாக மூச்சு விடுவீர்கள், இன்னும் மோசமாகும்.

திருத்தம் மூச்சில்தான் தொடங்குகிறது. மூன்று எண்ணி இழுங்கள், ஐந்து எண்ணி முழுவதையும் விடுங்கள். கால் அடிப்பதை நிறுத்திச் சும்மா மிதந்தபடி செய்யுங்கள். குறையாவிட்டால் வெளியேறுங்கள். நெஞ்சு இறுகினால், இருமலோடு நுரை வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால் அது களைப்பல்ல. தண்ணீரை விட்டு உடனே ஏறி 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

சாமான் பக்கத்தில், நீளம் 40 செ.மீ.க்குள் இருக்கட்டும். விட்டம் 2 செ.மீ. அளவு, அதைவிட மிக ஒடுங்கினால் காற்றை இழுக்கவே பலம் வேண்டும். நுனியில் மூடியும் மிதவையும் வால்வும் கூடக் கூட இந்தத் தடையும் கூடும். கடையில் வாயில் வைத்து வேகமாகப் பத்து மூச்சு எடுத்துப் பாருங்கள். நிற்கும்போதே தடை தெரிந்தால், தண்ணீர் நெஞ்சை அழுத்தும்போது அது இரட்டிப்பாகத் தெரியும்.

இதே காரணத்தால்தான் தோட்டக்குழாயை ஒரு மீற்றர் வெட்டிக் கட்டிக்கொண்டு அடியில் இருந்து மூச்செடுக்கப் பார்க்கும் பொடியன்களைத் தடுக்க வேண்டும். பப்பாசிக் காம்பைக் குழலாக்கி ஆழமில்லாத தண்ணீரில் விளையாடியது வேறு. ஒரு மீற்றர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 100 கிராம் பாரம் ஏறுகிறது. அதை எதிர்த்து நெஞ்சு விரியாது.

முழுமுக மாஸ்க் பற்றிக் கேட்பவர்களுக்கு: வாயில் ஒன்றையும் கடிக்கத் தேவையில்லை என்பது அதன் வசதி. வெளியே விடும் காற்றும் உள்ளே இழுக்கும் காற்றும் கலக்காமல் பிரிக்கும் வால்வுகள் பழுதானால் மேலே சொன்ன கணக்கு பல மடங்கு மோசமாகும், அவசரத்தில் துப்பிவிடவும் முடியாது. மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாததால் அடியே அமிழவும் கூடாது. நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

"ஸ்நோர்கல் நல்லம், மாஸ்க்தான் ஒழுகுது"

சில வேளை மாஸ்க்கை ஒழுகவைப்பதே ஸ்நோர்கல்தான். பாரமான ட்ரை டொப் அலையில் ஆடி ஆடிப் பட்டியை இழுக்க, இடப்பக்க விளிம்பு எழும்பும். ஸ்நோர்கலைக் கழற்றிவிட்டு மாஸ்க்கை மட்டும் போட்டு முகத்தை அமிழ்த்துங்கள். ஒழுகாவிட்டால் பாரம் குறைந்த குழாய்க்கு மாறுங்கள்.

அப்போதும் ஒழுகினால் பட்டி போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை விட்டும் நின்றால் அளவு சரி; பிழை விளிம்புக்குள் மாட்டிய முடியில், முகத்தில் பூசிய எண்ணெய்ப்பசையான சன் கிரீமில், அல்லது மீசையில். மீசையை மேலுதட்டில் ஒரு விரலளவு மழிப்பதுதான் நிலையான வழி. பட்டியை இறுக்குவது பெரும்பாலும் கசிவைக் கூட்டும், விளிம்பு நெளிந்துவிடும்.

வாயில் றப்பர் மணம், குமட்டல்

மலிவான பிவிசி வாய்ப்பிடி. மூக்கருகே பிடித்து மணந்தாலே தெரியும். சிலிக்கன் வாங்குங்கள். வள்ளத்து எஞ்சின் புகையால் வந்த குமட்டலுக்குக் குழாய் பொறுப்பல்ல.

எதை வாங்குவது என்று கேட்டால்

அமைதியான காலத்தில் கரையோரம் முருகைக்கல் பார்க்கப் போகிறவருக்கு: சாதாரண வளைகுழாய், சிலிக்கன் வாய்ப்பிடி, விரும்பினால் நுனிமூடி. கடலட்டை, சங்கு எடுக்கிற சுழியோடிகளைப்போல மூச்சைப் பிடித்து அமிழ்பவருக்கு நுனியில் ஒன்றுமே இல்லாத, பாரம் குறைந்த குழாய். அமிழும்போது அதை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். அலைக்குப் பயந்து தலையை அடிக்கடி அமிழ்த்தும் புதியவருக்கு ட்ரை டொப் முதல் சில நாள் தைரியம் தரும், மிதவையின் குணம் பழகியிருந்தால் மட்டும்.

நிறத்தைச் சிறிய விடயம் என்று நினைக்காதீர்கள். புறாமலைக்கு எஞ்சின் வள்ளங்கள் அடுத்தடுத்து வந்துபோகின்றன. தண்ணீருக்கு மேலே தெரிவது உங்கள் குழாயின் நுனி மட்டும். செம்மஞ்சள் அல்லது மஞ்சள் நுனி. கறுப்புக் குழாய்தான் கிடைத்தால் மேலே நாலு விரலுக்கு நிறநாடா சுற்றுங்கள்.

தண்ணீருக்குள் வைத்து ஏதாவது சரிசெய்ய வேண்டிவந்தால் மல்லாந்து மிதந்தபடி செய்யுங்கள். முருகைக்கல்லில் ஏறி நிற்கக்கூடாது. 2003 இலிருந்து புறாமலை தேசியப் பூங்கா. அதைவிட, ஒரு மிதியில் முறிவது பல வருட வளர்ச்சி, வெட்டுவது உங்கள் காலை.

சாமானில் பிழையே இல்லாதபோது

மேலே உள்ள சோதனைகள் எல்லாம் சரி, ஆனாலும் தண்ணீர் வருகிறது, களைக்கிறது என்றால் காற்றைப் பாருங்கள். வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக்காலத்தில் கடல் கலங்கி உயரும். எந்த ஸ்நோர்கலும் அதற்குச் செய்ததல்ல. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அப்படித் தெரியாது. தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும், ஆனால் மிதப்பவரைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளும். திரும்பும்போது எதிர்க்காற்று, சின்னச் சின்ன அலைகள் நேரே குழாய்நுனியில் அடிக்கும். அப்படியான நாளில் காலையிலேயே இறங்கி, முதலில் கரைப்பக்கமாக நீந்தி, காற்று எழ முன் ஏறிவிடுங்கள். இழுபட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தால் ஸ்நோர்கலால் மூச்செடுத்தபடி காற்றுக்குக் குறுக்காக, பக்கத்தில் தெரியும் வள்ளத்தை நோக்கிப் போங்கள். ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள்.